எல்லையோரத்தில் ஆவணப் புகைப்படம்: புதிதாக வருபவர்களுக்கு

வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், மூணாறு, வண்டிப்பெரியாறு என்று கேரளத்துக்குள் தமிழ் பேசும் ஊர்களிலிருந்தும், பொள்ளாச்சி, கம்பம், செங்கோட்டைப் பக்கங்களிலிருந்தும் இளைஞர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "மக்கள் பிரச்சினைகளையும் சுற்றுச்சூழலையும் படமெடுக்க வேண்டும், அதிலேயே பிழைக்கவும் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது அண்ணா?" உடனே அடுத்த கேள்வி, எந்தக் கேமரா வாங்கலாம் என்பது. அதற்கான பதில் கீழே ஒரு பத்தியில் முடிந்துவிடும். முதல் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

எல்லை ஊரில் பிறந்ததைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். சென்னையும் தூரம், கொச்சியும் தூரம், எந்தப் பத்திரிகை அலுவலகமும் பக்கத்தில் இல்லை. ஆனால் இந்த வேலைக்கு உங்களிடம் இருக்கும் மூலதனம் அதுதான். எல்லையில் ஒரு விஷயம் நடந்தால் இரு மாநில ஊடகங்களும் ஆளுக்குப் பாதியைச் சொல்லிவிட்டுப் போய்விடும். 2023-ல் அரிக்கொம்பன் யானையின் கதையைப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே கடைசியில் அது கம்பம் நகருக்குள் வந்தது. 144 தடை உத்தரவு போட்டார்கள். ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. கேரளத்தில் அந்த யானைக்கு ரசிகர்கள் இருந்தார்கள். கம்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கமும் பஸ் ஏறிப் போய், இரண்டு மொழியிலும் பேசி, இரண்டு வீட்டிலும் தேநீர் குடித்துப் படமெடுக்கக்கூடியவர்கள் எல்லை ஊர்க்காரர்கள் மட்டும்தான். 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டபின் லாரிகளில் திரும்பிப் போனதும் இதே வகைதான். கழிவு புறப்பட்ட இடமும் வந்து விழுந்த இடமும் ஒரே தொகுப்பில் சேர்ந்தால்தான் அது முழுக் கதை.

1. விஷயத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றை மட்டும்

முதல் விஷயம் பஸ்ஸில் காலையில் போய் இரவில் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். ஆவணப் படத்தொகுப்பு ஒரே பயணத்தில் அமையாது. கோடை, மழை, திருவிழா, தேர்தல், சம்பள நாள், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். போக்குவரத்துச் செலவு தாங்காத விஷயம் பாதியில் நிற்கும்.

பாலக்காட்டின் கிழக்குப் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். கேரளம் என்றால் பச்சை என்று நினைத்து வருபவர்கள் சித்தூர் வட்டத்தைப் பார்த்தால் திகைப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்க்கு இப்பால், மழை குறைந்த பகுதி. நிலத்தடி நீரை மிகையாக உறிஞ்சும் வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே வகைப்படுத்திய இடம். பெருமாட்டி ஊராட்சியில் இருக்கும் பிளாச்சிமடை உலகமே அறிந்த ஊர். 2000-ல் அங்கே கோக்கோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டதென்று 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். 2003-ல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது, 2007-ல் மயிலம்மா இறந்தார். 2010-ல் அரசு அமைத்த உயர்மட்டக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுக்கான தீர்ப்பாயச் சட்டத்தைக் கேரளச் சட்டமன்றம் 2011-ல் நிறைவேற்றியும் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இந்த ஊருக்குப் புதிதாகப் போகிறவர் ஆலையின் வேலியையும் மூடிய வாசலையும் எடுத்துவிட்டு வருவார். அந்தப் படங்களை இருபது ஆண்டுக்கு முன்பே எல்லாரும் எடுத்துவிட்டார்கள். வராத இழப்பீட்டை எப்படிப் படமெடுப்பது என்பதுதான் இன்றைய கேள்வி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் படமாக்கும் இந்தச் சிக்கல்தான் ஆவணப் புகைப்படக்காரரின் அன்றாட வேலை. அன்று பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களின் இன்றைய வயது, பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் வைத்த மனுக்கள், குடிதண்ணீர் இப்போது வீட்டுக்கு எந்த வழியாக வருகிறது, அன்று பிறந்த பிள்ளைகள் இன்று என்ன வேலைக்குப் போகிறார்கள்: இவற்றிலிருந்து தேட வேண்டும்.

வேறு விஷயங்களும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைக் கேரளத்துக்குத் தமிழ்நாடு தர வேண்டும். ஒரு வயலில் நாற்று நடுவதும் இன்னொரு வயல் தரிசாகக் கிடப்பதும் அந்த அணைக்கட்டில் அளக்கும் தண்ணீரைப் பொறுத்தது. வாளையாறு–மதுக்கரை ரயில் பாதையில் யானைகள் அடிபடுவது இன்னொன்று. 2021 நவம்பரில் நவக்கரைப் பக்கம் ஒரே இரவில் மூன்று யானைகள் செத்தன. 2024-ல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கண்காணிப்பு வந்தது. முதலமடை மாந்தோப்புகளின் பூச்சிமருந்து, கல்குவாரிகள், எலப்புள்ளியில் 2025-ல் அரசின் முதற்கட்ட அனுமதி பெற்ற மதுபான ஆலைக்கு எதிரான தண்ணீர்ப் போராட்டம் என்று பட்டியல் நீளும். ஒன்றை எடுங்கள். மற்றவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

2. கேமராவுக்கு முன் காகிதம்

தேர்ந்தெடுத்த விஷயத்தைப் பற்றி அரசு என்ன எழுதி வைத்திருக்கிறது என்று முதலில் படியுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். எல்லை விஷயம் என்றால் ஒரே கேள்வியை இரு மாநிலத் துறைகளுக்கும் அனுப்புங்கள். ஒரே ஆற்றில் ஒரே மாதம் ஓடிய தண்ணீருக்கு இரு பக்கமும் என்ன எண் தருகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே உங்கள் தொகுப்பின் எலும்புக்கூடு கிடைத்துவிடக்கூடும்.

பெரிய திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். குறைந்தது 30 நாள் முன்பே செய்தித்தாளில் அறிவிப்பு வரும். அந்தச் சின்ன எழுத்து விளம்பரங்களைப் படிக்கும் பழக்கம் வேண்டும். ஒரே அறையில் அதிகாரி, நிறுவன ஆட்கள், விவசாயி, உள்ளூர் அரசியல்வாதி எல்லாரும் உட்காரும் நாள் அது. கேமராவோடு வருபவர்களும் அங்கே குறைவு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடும். கேரளத்தில் வார்டு அளவில் கூடும், அட்டப்பாடி போன்ற இடங்களில் ஊருக்கூட்டம் என்னும் பழங்குடி ஊர்ச் சபை இருக்கிறது.

மலையாளம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்பவர்கள் எல்லையோரத்தில் நிறைய. எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகையும் நோட்டீசும் படிக்கத் தெரியாமல் எடுத்த படத்தின் மூலையில் என்ன எழுதியிருக்கிறதென்று மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை நல்லதில்லை.

3. கருவி

இரண்டாம் கையாக வாங்கிய ஒரு கேமரா, 35 மி.மீ. லென்ஸ் ஒன்று, மாற்றுப் பேட்டரி, இரண்டு மெமரி கார்டு. தொடங்க இவ்வளவு போதும். கடன் வாங்கிப் பெரிய டெலி லென்ஸ் வாங்காதீர்கள். அது தூர நின்று எடுக்கப் பழக்கிவிடும், இந்த வேலையோ பக்கத்தில் போய் உட்காரும் வேலை. நல்ல போன் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். ஜூன் மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயில் சாரல் குறுக்கே அடிக்கும், குடை உதவாது. கேமராவுக்கு மழையுறை வேண்டும். மூணாறு ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். படங்களை ரா (raw) என்னும் மூலக் கோப்பாகவே எடுங்கள். பெரிய போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்தால் மூலக் கோப்பைக் கேட்பார்கள்.

4. அனுமதி

சரணாலயத்துக்குள் நுழைந்து படமெடுக்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் அனுமதி வேண்டும். எல்லையில் இது இரட்டை வேலை. பரம்பிக்குளம் கேரளத்தின் புலிகள் காப்பகம், ஆனால் சாலை வழி தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகிறது. ஒரு துறையின் கடிதத்தை இன்னொரு துறையின் சோதனைச் சாவடியில் காட்டி வாதாடிப் பயனில்லை. இரண்டையும் முன்கூட்டியே வாங்குங்கள். ட்ரோனுக்கு 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் உண்டு. காட்டின் மேலும் அணையின் மேலும் பறக்கவிடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ரயில் பாதையில் நடப்பது ரயில்வே சட்டப்படி அத்துமீறல். யானைப் பாதையைக் காவல் காக்கும் வனத்துறை ஊழியர்களோடு போக அனுமதி கேட்டால் பல நேரம் கிடைக்கும், படமும் நன்றாக வரும்.

தேயிலைத் தோட்டங்களில் நிலைமை வேறு. லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகள் நிர்வாகத்தின் சொத்து. அனுமதியில்லாமல் நீங்கள் உள்ளே போய்விட்டு வரலாம். உங்களை மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்த குடும்பம்தான் மறுநாள் அலுவலகத்தில் பதில் சொல்லும். யாருடைய விருந்தாளியாகப் போகிறோம், அதனால் அவருக்கு என்ன வரும் என்பதை அவரிடமே கேட்டுவிட்டுப் போங்கள். பழங்குடி ஊர்களுக்குப் போவதற்கு முன் ஊர் மூப்பனிடமும் பழங்குடி நலத் துறையிடமும் கேட்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கடுமையானது. போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் வழக்கில் சிக்கிய குழந்தையின் முகம், பெயர், பள்ளி, வீடு எதையும் வெளியிடத் தடை விதிக்கின்றன. வீட்டு வாசலைக் காட்டினால் முகத்தை மறைத்தும் பயனில்லை, ஊரில் யாருக்கும் தெரிந்துவிடும்.

5. மனிதர்களிடம் போவது

முதல் நாள் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பையை மறைத்துக்கொண்டு பேசிவிட்டு மூன்றாம் நாள் கேமராவை எடுத்தால், "இதற்குத்தானா இத்தனை பேச்சு" என்று மனிதர்கள் நினைப்பார்கள். கேமராவைத் தோளில் தொங்கவிட்டே போங்கள். யார், எந்த ஊர், யாருடைய பிள்ளை, படம் எங்கே வரும், பணம் உண்டா இல்லையா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லையோரத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதுவே பாதி அறிமுகம்.

சம்மதம் என்பது ஒரு தலையசைப்போடு முடிகிற காரியமில்லை. கிழக்கு எல்லையில் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு காத்திருந்த ஓர் அக்காவிடம் படமெடுக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக எடு என்றார். குடங்களை எடுத்தேன், அவருடைய கைகளை எடுத்தேன், வரிசையை எடுத்தேன். பின்னணியில் அவர் வீடு வரும்படி நகர்ந்தபோது கையை நீட்டித் தடுத்தார். "வீட்டை மட்டும் எடுக்காதே தம்பி. பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் இல்லாத வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" அவர் தன் முகத்தைக் கொடுக்கத் தயங்கவில்லை, வீட்டைக் கொடுக்கத்தான் தயங்கினார். எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்பதை நாமாக ஊகிக்க முடியாது. முகம், வீடு, பெயர், ஊர், பிள்ளைகள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதிலைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அல்லது அவர் அனுமதியோடு போனில் குரலாகப் பதிவு செய்யுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதைவிட அது நேர்மையானது.

ஜப்பானில் மினமாட்டா பாதரச நச்சால் பாதிக்கப்பட்டவர்களை 1970-களின் தொடக்கத்தில் யூஜின் ஸ்மித்தும் ஐலீன் ஸ்மித்தும் அந்த ஊரிலேயே தங்கிப் படமெடுத்தார்கள். ஊனமுற்ற மகளைத் தாய் குளிப்பாட்டும் படம் உலகத்தின் மனசாட்சியைத் தொட்டது. மகள் இறந்து பல ஆண்டுகள் கழித்து, அவளை இனியாவது ஓய்வெடுக்க விட வேண்டும் என்று குடும்பம் விரும்பியது. ஐலீன் ஸ்மித் அந்தப் படத்தைப் புதிதாக வெளியிடுவதைப் பல ஆண்டுகள் நிறுத்தி வைத்தார். எவ்வளவு நன்மை செய்த படமானாலும் அதில் இருப்பவர் பின்னாளில் மனம் மாறலாம். நம் பக்கத்திலேயே, காசர்கோட்டில் எண்டோசல்ஃபான் பூச்சிமருந்து பாதித்த குழந்தைகளை மாத்ருபூமி புகைப்படக்காரர் மதுராஜ் எடுத்த படங்கள் கேரளத்தை உலுக்கின. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்வதற்கு முன் நடந்த நீண்ட போராட்டத்தில் அப்படங்களுக்கும் பங்கு உண்டு. அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் போன பலர் அதே குழந்தைகளை அதே கோணத்தில் எடுத்தார்கள். ஒரு வீட்டின் துன்பத்தை முதலில் வெளியே கொண்டுவருவதற்கும், ஏற்கெனவே தெரிந்த துன்பத்தை மறுபடியும் எடுத்து வருவதற்கும் ஒரே நியாயம் கிடையாது.

அடுத்த முறை போகும்போது படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். போனில் அனுப்பினால் போதாது. லேமினேட் செய்த அச்சுப் படம் வேண்டும். பிரச்சினையைக் காட்டும் படத்தை யாரும் வீட்டில் மாட்ட மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் தலை சீவி, நல்ல சேலை உடுத்தி, நேராக நிற்கும் படம் ஒன்றையும் எடுத்துவிடுங்கள். நிலச்சரிவு நடந்த ஊர்களில் இறந்தவருக்கு மாலை போட ஒரு படம்கூடக் கிடைக்காத வீடுகள் இருக்கும்.

6. எடுப்பது

வெடித்த வயல், நெற்றியில் கைவைத்துப் பார்க்கும் கிழவர், சூரிய ஒளிக்கு எதிரே கருநிழலாக நடக்கும் பெண். இம்மூன்றையும் முதல் நாளே எடுத்துவிட்டு, அத்தோடு மறந்துவிடுங்கள்.

மூணாற்றை எடுத்துக்கொண்டால் பிரச்சினை அதன் அழகுதான். மூடுபனிக்கு நடுவே பச்சைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களைச் சுற்றுலா விளம்பரம் ஏற்கெனவே நன்றாக எடுத்து வைத்திருக்கிறது. 2015 செப்டம்பரில் இதே தமிழ்ப் பெண்கள்தான், பாதியாகக் குறைந்த போனசை எதிர்த்துத் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டு, பெண்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று சாலையில் உட்கார்ந்து 20 சதவீதம் வாங்கினார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் மாண்டதும் இதே பச்சைச் சரிவில்தான். அந்த அழகுக்குக் கீழே இருக்கும் கணக்கை எடுக்க வேண்டுமென்றால் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போங்கள். சாக்கு தராசில் ஏறுகிறது. பறித்தவரின் கண் இலையைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. எழுதுபவர் தலை நிமிர்வதில்லை. ஈரத்துக்கும் சாக்குக்கும் எடையில் கழித்தது போக மிச்சம்தான் பதிவேட்டில் ஏறும். முகம், எண், பேனா மூன்றும் ஒரே படச் சட்டகத்துக்குள் வரும் இடத்தில் நின்று காத்திருங்கள். இன்னொன்று ஓய்வு பெறும் நாள். வேலை போனால் லயமும் போகும். குடும்பத்தில் அடுத்தவர் வேலைக்குச் சேர்ந்தால்தான் வீடு நிற்கும். சாமான் கட்டும் வீட்டுக்குள் போக அனுமதி கிடைத்தால், ஒரு முழு நாள் அங்கேயே இருங்கள்.

நடிக்கச் சொல்லாதீர்கள். குடத்தை மறுபடி தூக்குங்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த ஊரில் எல்லாரும் உங்களுக்காகக் குடம் தூக்குவார்கள்.

7. படக்குறிப்பு

பலர் இதைக் கடைசியில் செய்யும் எழுத்து வேலையாக நினைக்கிறார்கள். என் கணிப்பில், இந்தத் தொழிலில் நீடிப்பவரையும் கரைந்துபோகிறவரையும் பிரிப்பது இதுதான். "தண்ணீருக்கு ஏங்கும் மூதாட்டி" என்று ஒரு குறிப்பு. அவர் ஏங்கினாரா என்பது நமக்குத் தெரியாது. எந்த ஊர், எந்த மாதம், யார் என்பதும் தெரியாது. நாளை வேறு யாரோ அதே படத்தை வேறு மாநில வறட்சிக்குப் போட்டுவிடலாம், மறுக்க ஆதாரம் இருக்காது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சி, மார்ச் மாதக் காலை. ஊராட்சித் தண்ணீர் லாரிக்காக வைத்த குடங்களின் அருகே ஒரு பெண். வீட்டுக்கு இத்தனை குடம் என்று லாரிக்காரர் கணக்கு வைத்திருக்கிறார். கூலி வேலைக்குப் போக வேண்டிய நேரம் காத்திருப்பில் கழிவதாக அந்தப் பெண் சொல்கிறார். அவர் விருப்பப்படி பெயர் தரப்படவில்லை." இதில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் கூலி போகும் சங்கதி வந்துவிட்டது. பார்த்தது எது, அவர் சொன்னது எது என்று பிரித்து எழுதுங்கள். பெயரை அவரவர் எழுதும் விதத்தில் எழுதுங்கள். ஒருவரே ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஒரு மாதிரியும் கோயில் வரி நோட்டில் தமிழில் வேறு மாதிரியும் இருப்பார், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவே எழுதுங்கள். பிறகு அந்தக் குறிப்பைக் கோப்பின் மெட்டாடேட்டா என்னும் விவரப் பகுதிக்குள்ளேயே ஏற்றுங்கள், கோப்பைக் கொடுக்கும் இடத்துக்குப் பெரும்பாலும் கூடவே போகும். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் பிரதி வையுங்கள், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

8. தேர்ந்தெடுப்பது

நூற்றுக்கணக்கில் எடுத்ததைப் பன்னிரண்டு, பதினைந்தாகக் குறையுங்கள். அழகாக இருப்பதாலேயே ஒரு படம் நிற்கிறதா என்று சந்தேகப்படுங்கள். புகைப்படக்காரர் அல்லாத, அந்த ஊரை நன்கு அறிந்த ஒருவரிடம் சிறிய அச்சுகளைத் தரையில் பரப்பிக் காட்டுங்கள். அவர் எந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பேசத் தொடங்குகிறாரோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

9. பிழைப்பு

முதல் சில ஆண்டுகள் இது மட்டும் சோறு போடாது. கல்யாணப் படம் எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கூட்டத்துக்குள் நகரவும் மங்கிய ஒளியில் எடுக்கவும் அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது. முகூர்த்த மாதங்களில் சம்பாதித்து ஆடியில் சொந்த வேலை பார்க்கலாம். கேரளத்தில் கர்க்கடகமும் ஏறக்குறைய அதே நாள்களில் வருவதால் இரு பக்கமும் கல்யாணம் இருக்காது.

தொண்டு நிறுவனங்களுக்குப் படமெடுத்துத் தருவது ஓரளவு நிலையான வருமானம். ஆனால் யாருடைய திட்டத்தைப் புகழ்ந்து எடுத்தீர்களோ அதே ஊரில் அதே விஷயத்தைச் சுதந்திரமாக எடுத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டையும் வேறு வேறு ஊர்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியீட்டுக்கு எல்லைக்காரருக்கு இரட்டைச் சந்தை: கோவை, மதுரைப் பதிப்புகள் ஒரு பக்கம், மலையாள வார இதழ்கள் இன்னொரு பக்கம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய, கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்திய பாரி இணையதளம் தமிழிலும் மலையாளத்திலும் படிக்கக் கிடைக்கிறது. புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் பாரியோடு சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர் எம். பழனிகுமார், மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்துக்காரர், மீன் விற்ற தாயின் மகன். மலக்குழி அள்ளும் தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் எடுத்தவர். அவருடைய படங்களைப் பார்த்தால், ஒரே மக்களிடம் திரும்பத் திரும்பப் போவதன் பலன் விளங்கும். சென்னை போட்டோ பினாலே என்னும் புகைப்படத் திருவிழா 2016-லிருந்து நடக்கிறது; ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

ஆசிரியருக்கு எழுதும் கடிதம் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். என்ன நடக்கிறது, இப்போது ஏன், உங்களிடம் என்ன இருக்கிறது, இன்னும் என்ன எடுக்க வேண்டும், எப்போது தருவீர்கள். தாழ்ந்த தரத்தில் ஆறு படங்களை இணையுங்கள். "சமூக அக்கறையுள்ள புகைப்படக்காரன் நான்" என்ற வாக்கியத்தை நீக்கிவிடுங்கள்.

பணம் பேசுவதற்கு முன் உரிமை பேசுங்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957-ன்படி நீங்களாக எடுத்த படம் உங்களுடையது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். எத்தனை முறை, எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்று மின்னஞ்சலிலாவது எழுதி வாங்குங்கள். "பெயர் போடுகிறோம்" என்பது கூலியாகாது. கட்டணத்தில் வரி பிடித்துத் தருவார்கள். கணக்குத் தாக்கல் செய்தால் அதிகம் பிடித்தது திரும்பி வரும்.

10. ஆபத்து

மணல், கல்குவாரி, கழிவு லாரி விஷயங்களில் தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இடத்தில் நின்றபடி எதையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். எல்லை தாண்டினால் உள்ளூர்க் காவல் நிலையமும் மாறும் மொழியும் மாறும். இரு பக்கமும் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரின் எண்ணைப் போனில் மட்டுமல்லாமல் தாளிலும் எழுதி வையுங்கள். உங்களுக்கு வழி காட்டிய உள்ளூர்க்காரரின் முகமோ வண்டி எண்ணோ எந்தப் படத்திலும் இல்லையென்று வெளியிடுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள், அவர் அங்கேயே இருப்பவர்.

11. முதல் கண்காட்சி அந்த ஊரில்

பத்திரிகையில் வருவதற்கு முன்போ, வந்த கையோடோ, படமெடுத்த ஊரிலேயே காட்டுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் விடுமுறை நாளில் கேட்டால் இடம் கிடைக்கும். கேரளப் பக்கம் ஊருக்கு ஊர் வாசகசாலை உண்டு. கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி.என். பணிக்கர் நினைவாக ஜூன் 19 அன்று வாசிப்பு நாள் கொண்டாடுவார்கள், அந்த வாரத்துக்கு நிகழ்ச்சி தேடிக்கொண்டிருக்கும் செயலாளரிடம் மே மாதமே போய்ப் பேசுங்கள். குறிப்புகளை இரண்டு மொழியிலும் பெரிய எழுத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவும் கட்டி விடுங்கள், பிழை திருத்த ஆள் வருவார்கள். பி.வி.சி. ஃபிளெக்ஸ் வேண்டாம். கேரளம் அதை 2019-லேயே தடை செய்துவிட்டது. சுற்றுச்சூழல் படத்தை அதில் அச்சிட்டுத் தொங்கவிட்டால் ஊரே சிரிக்கும். துணியில் அச்சிடுங்கள். ஜூன் காற்றுக்கு மேலும் கீழும் மூங்கில் கழி கோத்து, நான்கு மூலையிலும் கயிறு போட வேண்டும். சாரல் அடிக்கும் திண்ணையில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள்.